இயங்கலைக் கூட்டத்தில் அந்நியர் நுழையாதிருக்க: அலுவலகக் கணினியில் கவனிக்க வேண்டியவை

2020 ஏப்ரலில், ஜோகூர் பாலத்திற்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில், ஸூம் வழி நடந்த புவியியல் பாடத்தில் முன்பின் தெரியாத ஆடவர்கள் புகுந்து ஆபாசப் படங்களைக் காட்டினர். பாடத்தில் இருந்தவர்கள் உயர்நிலை முதலாம் ஆண்டு மாணவிகள். ஆசிரியர்கள் ஸூம் பயன்படுத்துவதைச் சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு உடனே நிறுத்தி வைத்தது. பாதுகாப்பு அமைப்புகள் இறுக்கப்பட்ட பிறகே மீண்டும் அனுமதித்தது.

இப்படிப் புகுவதற்குக் கணினி நிபுணராக இருக்க வேண்டியதில்லை. கூட்டத்தின் இணைப்பு முகவரி கிடைத்தால் போதும்.

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலத்தில் தொடங்கிய பழக்கம் ஜோகூரிலும் நிலைத்துவிட்டது. முதலாளி குளுவாங்கில், கணக்கர் ஜோகூர் பாருவில் என்றால் கூட்டம் திரையில்தான். பெற்றோர் ஆசிரியர் சங்கம், கோயில் நிர்வாகம், கூட்டுறவுச் சங்கம் என எல்லாரும் அலுவலகத்தில் இருக்கும் ஒரே கணினியைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

செயலியை நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்திலிருந்து மட்டுமே பதிவிறக்க வேண்டும். கூகுளில் தேடும்போது மேலே வரும் விளம்பரங்களில் போலிச் செயலிகளும் உண்டு. புலனத்தில் யாரோ அனுப்பும் கோப்பு அதைவிட ஆபத்து. எப்போதாவது ஒரு கூட்டம் என்றால் எதையும் நிறுவத் தேவையில்லை. ஸூம், கூகுள் மீட், டீம்ஸ் மூன்றுமே உலாவியில் இயங்கும். ஸூம் இலவசக் கணக்கில் 40 நிமிடம், மீட்டில் மூவர் அல்லது அதற்கு மேல் சேர்ந்தால் 60 நிமிடம் கிடைக்கும். பழைய கணினி வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்கவும்: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 14 அக்டோபர் 2025-இல் முடிந்துவிட்டது.

இனி கூட்டத்தின் வாசல். கடவுச்சொல் இருக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். ஆனால் ஸூம் அனுப்பும் இணைப்பு முகவரிக்குள்ளேயே அந்தக் கடவுச்சொல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். அதை முகநூலில் போட்டால், பூட்டிய கதவில் சாவியைத் தொங்கவிட்ட கதைதான். படம் எடுத்துப் போடுவதிலும் இதே சிக்கல் உண்டு. 2020 நவம்பரில் நெதர்லாந்து தற்காப்பு அமைச்சர் பகிர்ந்த படத்தில் இரகசிய எண்ணின் ஆறு இலக்கங்களில் ஐந்து தெரிந்தன. அதைப் பார்த்த செய்தியாளர் ஒருவர் ஐரோப்பிய அமைச்சர்களின் கூட்டத்திற்குள்ளேயே நுழைந்துவிட்டார்.

ஆகவே உண்மையான காவல் காத்திருப்பு அறைதான். வருபவரை நடத்துநர் பார்த்து அனுமதித்தால்தான் உள்ளே வர முடியும். பெயரோடு ஊரையும் எழுதச் சொன்னால் அடையாளம் காண்பது எளிது. ‘கேலக்ஸி ஏ12’ என்று கைப்பேசியின் பெயரோடு வருபவரை யாரென்று அனுமதிப்பது? ஒவ்வொரு கூட்டத்திற்கும் புதிய எண் எடுக்க வேண்டும், தனிப்பட்ட நிரந்தர எண்ணைக் கொடுக்கக் கூடாது. திரையைப் பகிரும் உரிமை நடத்துநருக்கு மட்டும் இருக்கட்டும். எல்லாரும் வந்ததும் கூட்டத்தைப் பூட்டிவிடலாம். தலைவர் பேசிக்கொண்டே வாசலையும் பார்ப்பது சிரமம். அந்தப் பொறுப்பைச் செயலாளரிடம் கொடுப்பதே நல்லது. மீறி யாராவது புகுந்தால், பங்கேற்பாளர் நடவடிக்கைகளை நிறுத்தும் பொத்தானை அழுத்தினால் எல்லார் ஒலியும் படமும் ஒரே நேரத்தில் நிற்கும்.

பலர் மறப்பது பதிவுகளை. ஸூம் பதிவு வழக்கமாகக் கணினியின் ஆவணக் கோப்புறையில் ‘ஸூம்’ என்ற பெயரில் சேர்கிறது. சம்பளம், கடன் பேசிய கூட்டமாக இருந்தால், அடுத்து அந்தக் கணினியில் அமர்பவர் அதைத் திறந்து பார்க்கலாம். பதிவை இடம் மாற்றிவிட்டு, கணக்கிலிருந்தும் வெளியேற வேண்டும்.

திரையில் தெரியும் முகமும் இப்போது சாட்சியாகாது. 2024-இல் வெளிவந்த ஹாங்காங் மோசடியில், காணொளிக் கூட்டத்தில் தோன்றிய மேலதிகாரிகள் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்ட போலிகள். அதை நம்பிய ஊழியர் 15 தவணைகளில் சுமார் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டார். கூட்டத்தில் பணம் அனுப்பச் சொன்னால், முன்பே தெரிந்த எண்ணுக்கு அழைத்து உறுதி செய்த பிறகே அனுப்ப வேண்டும். பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் வங்கியையோ தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 எண்ணையோ அழைக்கவும்.