கழித்துக் கழித்து வந்த புரதம்

அமெரிக்காவில் தயாராகும் சீஸில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு விஸ்கான்சின் மாநிலத்தில் உருவாகிறது. அங்கே ஓர் ஆலையில் எஃகுத் தொட்டி நிறையப் பால் நிற்கிறது. சூடு 32 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும்போது ரெனட் என்னும் நொதியை அதில் விடுகிறார்கள். அரைமணி நேரத்தில் பால் முழுதும் இறுகிவிடும். கம்பிகள் பூட்டிய கத்தியால் அதைச் சிறு சிறு துண்டுகளாக அறுத்து மெல்லச் சூடேற்றினால், துண்டுகள் சுருங்கி, இளம்பச்சை கலந்த மஞ்சள் நீரைக் கக்கும். வீட்டில் எலுமிச்சை பிழிந்து பனீர் வடிக்கும்போது கீழ்ப்பாத்திரத்தில் சேரும் நீருக்கு இது உறவு. பச்சைச் சாயலுக்குக் காரணம் ரிபோஃப்ளேவின் என்ற வைட்டமின். ‘வே’ என்பது இந்த நீர்தான். ஜிம்முக்குப் போகும் பிள்ளைகள் டப்பா டப்பாவாக வாங்கிவரும் பொடி இங்கிருந்துதான் புறப்படுகிறது.

பத்து லிட்டர் பாலில் சீஸ் ஒரு கிலோ தேறும்; மீதி ஒன்பது லிட்டர் வே. பாலின் புரதத்தில் 80 சதவீதம் கேசின். அது சீஸோடு போய்விடுகிறது. மிச்சமுள்ள 20 சதவீதம் மட்டும் இந்த நீரில் கரைந்து நிற்கிறது. நூறு பங்கு வேயில் தண்ணீர் 93 பங்கு, லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை ஐந்து பங்குக்குச் சற்றுக் குறைவு. புரதம் ஒரு பங்குகூட இல்லை. கணக்குப் போட்டால், ஐசொலேட் என்னும் மிகச் சுத்தமான புரதப் பொடி ஒரு கிலோவுக்கு 150 லிட்டருக்கும் மேல் பால் வேண்டும்.

இவ்வளவு மெலிந்த நீரை முன்பு யார் மதித்தார்கள்? 18ஆம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்தின் கைஸ் என்ற மலையூரில் வே குடித்து உடம்பைத் தேற்றிக்கொள்ளப் பணக்காரர்கள் போய்த் தங்கினார்கள். மற்றபடி அது பன்றிக்குத் தீவனம், வயலுக்குப் பாசனம், மிஞ்சினால் ஆற்றுக்கு. ஆறுதான் தாங்கவில்லை. ஒரு லிட்டர் வேயிலுள்ள சர்க்கரையையும் புரதத்தையும் நுண்ணுயிர்கள் தின்று முடிக்க 30,000 மில்லிகிராமுக்கும் மேல் ஆக்சிஜன் தேவை. வீட்டுச் சாக்கடை நீருக்குச் சில நூறு மில்லிகிராம் போதும். அமெரிக்காவில் 1972இல் தூய நீர்ச் சட்டம் வந்தபின், வேயை எங்கே கொட்டுவது என்பது ஆலைகளுக்குப் பெரிய தலைவலியானது.

விடை கடல்நீர் ஆராய்ச்சியிலிருந்து வந்தது. 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் சிட்னி லோயப் என்பவரும், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் சேர்ந்து, உப்பைத் தடுத்து நல்ல நீரை மட்டும் வேகமாக விடும் சவ்வை உருவாக்கினார்கள். இன்று நம் வீடுகளில் இருக்கும் ஆர்.ஓ. இயந்திரத்துக்கும் மூலம் அதுதான். துளையைச் சற்றுப் பெரிதாக்கினால் அதே நுட்பம் பாலுக்கும் பொருந்தும் என்று பின்னர் தெரியவந்தது. 1970களில் சீஸ் ஆலைகளில் சவ்வு வடிகட்டிகள் ஏறின.

வேலை நடப்பது மூலக்கூறின் பருமனை வைத்து. மூலக்கூறு எடையின் அலகான டால்டனில் லாக்டோஸின் எடை 342. வேயில் மிகுதியாக இருக்கும் பீட்டா-லாக்டோகுளோபுலின் என்ற புரதத்தின் எடை 18,000க்கும் மேல். அழுத்தம் கொடுத்துச் சவ்வின்மேல் ஓடவிட்டால் தண்ணீர், சர்க்கரை, உப்பு எல்லாம் மறுபுறம் இறங்கிவிடும். புரதம் இப்பக்கமே தங்கும். தங்கியதைச் சுத்தநீர் விட்டு மீண்டும் அலசினால் ஒட்டியிருந்த லாக்டோஸும் போகும். புரதம் 80 சதவீதம் வரை ஏறியதைக் கான்சன்ட்ரேட் என்கிறார்கள். அதிலும் தங்கிய கொழுப்பை இன்னொரு நுண்வடிகட்டியில் நீக்கி, புரதத்தை 90 சதவீதத்துக்குக் கொண்டுபோனால் ஐசொலேட். மின்னூட்டத்தை வைத்துப் புரதத்தைப் பிடிக்கும் அயனிப் பரிமாற்ற முறையும் உண்டு. அதில் சுத்தம் கூடும், ஆனால் கிளைக்கோமேக்ரோபெப்டைடு போன்ற சில பகுதிகள் கழன்றுவிடும். இறங்கிப்போன லாக்டோஸையும் யாரும் வீணாக்குவதில்லை. குழந்தைகளுக்கான பால்பவுடரிலும், மருந்து மாத்திரைகளுக்கு உடம்பு கொடுக்கும் நிரப்பியாகவும் அது விலைபோகிறது.

கடைசியில், திரண்ட புரதக் கரைசலை உயரமான கோபுரத்தின் உச்சியிலிருந்து சூடான காற்றில் தூவுகிறார்கள். காற்று 180 டிகிரிக்குப் பக்கம் இருந்தாலும் நீர் ஆவியாகும்போது துளி குளிர்ந்துகொண்டே வருவதால் புரதம் பெரிதாகக் கெடுவதில்லை. தண்ணீரில் சட்டென்று கரைய, சூரியகாந்தி அல்லது சோயா லெசித்தின் கொஞ்சம் சேர்க்கிறார்கள். சூடே படாத புரதம் என்று டப்பாவில் அச்சிட்டிருந்தால் நம்ப வேண்டாம். தொட்டிக்கு வருமுன்பே பெரும்பாலும் அந்தப் பாலை 72 டிகிரியில் 15 விநாடி பாஸ்டுரைஸ் செய்துவிடுகிறார்கள்.

இப்படி வந்த வெறும் ஐசொலேட் பால் வாடையும் லேசான அட்டை வாடையுமாகத்தான் இருக்கும். அப்படியே குடிக்க எல்லோராலும் ஆகாது. சர்க்கரை சேர்த்தால் புரத விகிதம் இறங்கும். எனவே பல டப்பாக்களில் இருப்பது சுக்ரலோஸ். சர்க்கரையைவிட ஏறக்குறைய 600 மடங்கு இனிப்பு, விலையும் மலிவு. செயற்கை இனிப்பு வேண்டாம் என்பவர்களுக்காகத் தயாராகும் டப்பாக்களில் வேறொரு பயணி வந்து சேர்கிறது.

அது சீனித்துளசி. பராகுவேயின் குவரானி மக்கள் நெடுங்காலமாக மாத்தே பானத்தில் போட்டுக் குடித்த இலை. அங்கே வாழ்ந்த சுவிஸ் தாவரவியலாளர் மொய்சேஸ் பெர்டோனி 1899இல் அதை அறிவியல் உலகுக்கு விவரித்தார். 1931இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் அதன் இனிப்புச் சத்தைப் பிரித்தெடுத்தார்கள். 1970களில் ஜப்பான் ஊறுகாயிலும் குளிர்பானத்திலும் அதைப் பயன்படுத்தத் தொடங்கியது. 2008இல் அமெரிக்காவில் தூய சாற்றுக்கு வழி திறந்தது. 2015இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதித்தது. இன்று இலை பெரும்பாலும் விளைவது சீனாவில். சில டப்பாக்களில் அதே நாட்டின் குவாங்சி பகுதியில் கொடியில் காய்க்கும் லோ ஹான் குவோ என்ற பழத்தின் சாறும் சேரும்.

ஆனால் டப்பாவுக்குள் இலை இல்லை. இலையை வெந்நீரில் ஊறவைத்து, கசடு நீக்கி, பிசின் நிரப்பிய குழாய்களில் ஓட்டி, ஆல்கஹாலில் படிகமாக்கி, 95 சதவீதத்துக்கு மேல் சுத்தப்படுத்திய வெண்பொடிதான் இருக்கிறது. பாலுக்கு நடந்த கழித்தலேதான் இலைக்கும் நடந்தது. பச்சை இலையைக் காட்டும் லேபிள் படத்துக்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. பாதுகாப்பு பற்றிய பயமும் பெரிதாக வேண்டாம். உடல் எடையில் கிலோவுக்கு 4 மில்லிகிராம் என்று, சீனித்துளசி இனிப்பின் அடிப்படைச் சேர்மமான ஸ்டீவியாலின் கணக்கில், பன்னாட்டு வல்லுநர் குழு அன்றாட வரம்பு வைத்திருக்கிறது. ஒன்றிரண்டு ஸ்கூப்பில் அதை எட்டுவது கடினம். அதே நேரத்தில், எடையைக் கட்டுப்படுத்தும் வழியாகச் சர்க்கரையற்ற இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. அந்தப் பட்டியலில் சீனித்துளசியும் உண்டு.

உண்மையான வேறுபாடு நாக்கில் தெரியும். சீனித்துளசியின் இனிப்பு தாமதமாக ஏறும், சீக்கிரம் இறங்காது. நாக்கின் கசப்பு உணரிகளையும் தட்டும். கொஞ்சம் அதிமதுரச் சாயல். இதை மறைக்க உப்பு, கோகோ, வெனிலா, உடம்பு கொடுக்கக் குவார் அல்லது சாந்தன் பிசின் என்று சேர்ப்பார்கள். ஆகவே வாங்கியதும் பாலில் கலந்து பார்க்கக் கூடாது. பால் எல்லாக் குறையையும் மூடிவிடும். குளிர்ந்த தண்ணீரில் கலக்குங்கள். நல்ல ஐசொலேட் கட்டியில்லாமல் கரையும், நீர்த்தே இருக்கும், மேலே நுரை நிற்கும். விழுங்கி இரண்டு நிமிடம் கழித்தும் கசப்பு தங்கினால் இனிப்புக் கலவை சரியில்லை. கொதிக்கும் காபியில் கொட்டினால் திரண்டுபோகும். 70 டிகிரிக்கு மேல் வே புரதம் சுருளவிழ்ந்து ஒட்டிக்கொள்வது இயல்பு, கலப்படத்தின் அடையாளம் அன்று.

நாக்கு சொல்லாததை எண் சொல்லும். ஒரு ஸ்கூப் 30 கிராம், அதில் புரதம் 25 கிராம் என்றால் 83 சதவீதம்; சுவை சேர்த்த ஐசொலேட்டுக்கு நியாயமான அளவு. 33 கிராமுக்கு 22தான் என்றால் 67 சதவீதம். ஐசொலேட் என்று பெயர் போட்டு வேறேதோ நிரப்பியிருக்கிறார்கள். சேர்மானப் பட்டியல் எடை வரிசையில் இருக்கும். முதலில் கான்சன்ட்ரேட் நின்று ஐசொலேட் பின்னால் வந்தால் விலையும் அதற்கேற்பக் குறைய வேண்டும்.

எண்ணையும் ஏமாற்றலாம். 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் யோஹான் கெல்டால் வகுத்த முறைப்படி, நைட்ரஜனை அளந்து, பால் பொருள்களுக்கு 6.38ஆல் பெருக்கிப் புரதம் என்கிறார்கள். நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று அந்த முறைக்குத் தெரியாது. மலிவான கிளைசின், டாரின் தூவினாலும் புரத எண் ஏறும். 2008இல் சீனாவில் குழந்தைப் பாலில் நைட்ரஜன் மிகுந்த மெலமைன் என்ற வேதிப்பொருளைக் கலந்தவர்கள் பயன்படுத்தியது இந்த ஓட்டையைத்தான். தப்பிக்க ஒரு வழி, அமினோ அமிலப் பட்டியலைப் பார்ப்பது: 25 கிராம் வே புரதத்தில் லூசின் சுமார் இரண்டரை கிராம் இருக்க வேண்டும். பட்டியலே தராத, தொகுதி எண்ணுக்கு வெளி ஆய்வகச் சான்று காட்டாத டப்பாவை விட்டுவிடலாம். கேரள மருத்துவர்கள் 36 புரதப் பொடிகளை ஆராய்ந்து 2024இல் வெளியிட்ட கட்டுரையில், சுமார் 70 சதவீதப் பொடிகளின் லேபிளில் புரத அளவு தவறாக இருந்தது.

இத்தனையும் பார்த்து வாங்க வேண்டிய தேவை யாருக்கு? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகக் கணக்கில் உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும்; 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு 50 கிராம். அந்தக் கழகத்தின் 2024ஆம் ஆண்டு உணவு வழிகாட்டி புரதப் பொடியைத் தவிர்க்கவே சொல்கிறது. ஒரு ஸ்கூப்பில் இருப்பது நான்கு முட்டையின் புரதம். முட்டை, மீன், பருப்பு, தயிரால் தேவையை நிரப்ப முடிகிறவருக்கு டப்பா வேண்டாம். கடுமையாக உடற்பயிற்சி செய்தும் சாப்பாட்டில் புரதம் எட்டாதவருக்கு அது வசதி. பால் குடித்தால் வயிறு உப்புகிறவருக்குக் கான்சன்ட்ரேட்டைவிட ஐசொலேட் ஒத்துக்கொள்ளும், ஏனென்றால் லாக்டோஸ் கழிந்துவிட்டது. பால் ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே கூடாது. பீட்டா-லாக்டோகுளோபுலினே அந்த ஒவ்வாமையைத் தூண்டும் முக்கியப் பொருள்களில் ஒன்று. சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது.

விலையை மொத்தப் புரத கிராமால் வகுத்துப் பாருங்கள். லாக்டோஸ் தொந்தரவு இல்லாதவர் ஐசொலேட்டின் கூடுதல் விலையைக் கொடுத்து வாங்குவது, தன் வயிறு தானே செய்யும் வேலையை ஆலையிடம் காசு கொடுத்துச் செய்வித்துக்கொள்வதாகும். சீனித்துளசிக்குக் கொடுக்கும் கூடுதல் காசு சுவைக்கான காசு. சுக்ரலோஸின் ருசி பிடிக்காதவர் தாராளமாகக் கொடுக்கலாம். ஆரோக்கியம் கூடும் என்று எண்ணிக் கொடுப்பவருக்கு அந்தப் பணத்தில் நாலு முட்டை வாங்குவது மேல்.