காத்திருப்பின் வரலாறு: விளையாட்டு எஞ்சின்களில் இணைநிலைச் செயலாக்கம்

விளையாட்டு எஞ்சின்களின் இணைநிலைச் செயலாக்கத்தைச் செயலிகளின் எண்ணிக்கையைக் கொண்டே பலரும் விளக்குகின்றனர். உண்மையில் அவ்வரலாற்றின் மையக் கேள்வி வேறு: பாதியில் நிற்க நேர்ந்த பணி எவ்வாறு காத்திருப்பது?

1999இல் வெளியான குவேக் 3 காட்சி வரைதலின் ஒரு பகுதியைத் தனி இழைக்கு ஒப்படைக்க வல்லதாயிருந்தது. வீடுகளில் ஒற்றைச் செயலியே வழங்கிய காலமாதலால் அவ்வசதி அணைத்தே வைக்கப்பட்டிருந்தது.

2006இல் வந்த பிளேஸ்டேஷன் 3, தலைமைச் செயலி ஒன்றோடு ஆறு துணைச் செயலிகளை விளையாட்டுகளுக்கு அளித்தது. துணைச் செயலி ஒவ்வொன்றுக்கும் சொந்த நினைவகம் 256 கிலோபைட்தான். 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' (2013) படைத்த நாட்டி டாக் நிறுவனம் எஞ்சினின் கனமான கணக்கீடுகளை அவற்றுக்குப் பகிர்ந்தது. ஆனால் தொடங்கிய பணி முடியும்வரை ஓடியாக வேண்டும். இடையில் நிற்க வழியில்லை. கதைமாந்தர் நடத்தை முதலான விளையாட்டு நிரல்கள் தலைமைச் செயலியிலேயே தங்கிவிட்டன.

அடுத்த ஆண்டு அதே விளையாட்டைப் பிளேஸ்டேஷன் 4க்கு மாற்றியபோது நெருக்கடி முற்றியது. புதிய கோர்களின் வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், பழைய தலைமைச் செயலியின் வேகத்தில் பாதி. இலக்கோ விநாடிக்கு 30க்குப் பதில் 60 ஃபிரேம், அதாவது ஃபிரேம் ஒன்றுக்கு ஏறத்தாழ 16.7 மில்லிவிநாடி. நிரல் முழுவதையும் திருத்தி எழுத அவகாசம் ஏது?

2015இல் கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸில் கிறிஸ்டியன் கிர்லிங் விளக்கிய தீர்வு எளிமையானது: கோருக்கு ஓர் இழையாக ஆறு, அவற்றின்மேல் 160 ஃபைபர்கள். ஒவ்வொரு ஃபைபருக்கும் தனி ஸ்டேக் உண்டு. ஒரு பணி பிறவற்றின் முடிவுக்குக் காத்திருக்க நேர்ந்தால், அதன் ஃபைபர் இருந்த நிலையிலேயே ஒதுக்கப்படும். இழை வேறு பணியை ஏற்கும். எதிர்பார்த்தவை முடிந்ததும் ஒதுக்கப்பட்டது விட்ட இடத்திலிருந்தே தொடரும். இதனால் பழைய நிரலையும் பெரிதும் மாற்றாமல் பணிகளாகப் பிரிக்க முடிந்தது. (கருத்து புதிதன்று, மெல்வின் கான்வே 1963இலேயே கோரூட்டீன் பற்றி எழுதிவிட்டார்.)

இதற்கும் விலை இருந்தது. உறங்கிய ஃபைபர் வேறொரு கோரில் விழிக்கலாம். இழையோடு பிணைந்த இயங்குதளப் பூட்டுகள் அங்கே பொருந்தா. எனவே சுழல் பூட்டுகளை நாடினர். அவ்வளவு செய்தும் ஒரு ஃபிரேமின் பணிகள் 16.7 மில்லிவிநாடிக்குள் அடங்கவில்லை. இறுதியில் ஒரு ஃபிரேமின் விளையாட்டுக் கணக்கீடு நடக்கும்போதே முந்தைய ஃபிரேமின் வரைதல் ஏற்பாடு நடக்குமாறு பிரித்தனர். பொத்தானை அழுத்துவதற்கும் திரை அசைவதற்கும் இடையில் மேலும் ஒரு ஃபிரேம் புகுந்தது.