மாட்டுக்கு ஒரு தந்தி

ஸ்ரீபெரும்புதூர் என்று சொன்னால் இக்காலத்துப் பிள்ளைகளுக்குக் கார்த் தொழிற்சாலை நினைவுக்கு வரும். என் போன்ற பழைய ஆசாமிகளுக்கு ராமானுஜர் நினைவுக்கு வருவார். சமீப காலமாக எனக்கு ஒரு ஜோடி உழவு மாடுகளும் சேர்ந்து நினைவுக்கு வருகின்றன. அந்த மாடுகளை நான் பார்த்ததில்லை. அவை செத்து எழுபது வருஷம் ஆகிறது.

கதை எழுதுகிறவனுக்கு மாட்டு வைத்தியத்தில் என்ன ஜோலி என்று நேயர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். பழியெல்லாம் என் வண்டியின் டயரைச் சேர்ந்தது.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில், ஒரு தொழிற்சாலை மதிலுக்கு எதிரே அந்த டயர் படுத்துவிட்டது. டிரைவர் ஜாக்கியோடு போராடிக்கொண்டிருந்தார். நான் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தேன். புத்தம் புதிய கார்களை இரண்டு அடுக்காகச் சுமந்துகொண்டு நீண்ட நீண்ட லாரிகள் போய்க்கொண்டிருந்தன. சாலைக்கும் மதிலுக்கும் நடுவே இருந்த கொஞ்சம் புல்லில் ஒரு கிழவர் பசு மேய்த்துக்கொண்டிருந்தார். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். பசுவின் காதில் மஞ்சள் நிறத்தில் ஒரு வில்லை தொங்கிற்று.

"என்ன பெரியவரே, மாட்டுக்குக் கம்மல் போட்டிருக்கிறீர்கள்?" என்றேன்.

"கம்மல் இல்லீங்க, நம்பரு. பன்னெண்டு நம்பரு. நமக்கு ஆதாரு இருக்குதில்ல, அது மாதிரி. ஊசி போட்டா இந்த நம்பர்ல எழுதிக்குவாங்க" என்றார் அவர். சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, "எங்கப்பாரு காலத்துல இது இருந்திருந்தா, அவரு நிம்மதியா செத்திருப்பாரு" என்றார்.

இப்படி ஒரு வாக்கியம் காதில் விழுந்த பிறகு டயரைப் பற்றி யாருக்குக் கவலை? நான் இன்னொரு டீ சொன்னேன்.

அவருக்கு அப்போது பத்து வயதாம். வீட்டில் ஒரு ஜோடி உழவு மாடு. ஒரு நாள் காலையில் இடத்து மாடு அசை போடவில்லை. கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்தது. மறுநாள் வாய்க்குள் புண். அதன் பிறகு துர்நாற்றத்தோடு பேதி. தகப்பனாருக்குப் புரிந்துவிட்டது. வெக்கை! அந்தப் பெயரைக் கேட்டால் பயிர்த்தொழில் செய்கிறவன் வயிற்றில் புளியைக் கரைக்கும். வந்தால் ஒரு மாட்டோடு போகாது. கொட்டில் கொட்டிலாக, ஊர் ஊராகக் காலி செய்துவிட்டுப் போகும்.

தகப்பனார் யாரிடமும் சொல்லவில்லை. வலத்து மாடு இன்னும் நன்றாகத்தான் இருந்தது. இரவோடு இரவாக அதை ஓட்டிக்கொண்டு போய், விடிந்ததும் சந்தையில் விற்றுவிட்டார்.

"எங்கப்பாரு கெட்டவரு இல்லீங்க. கடன் இருந்துச்சு" என்றார் பெரியவர். "ஒரு மாசத்துல, வாங்கிட்டுப் போனவரு ஊர்ல ஏர் பூட்ட மாடு இல்ல. மறு வருசம் அந்த ஆளு எங்க தெரு வழியா நடந்து போனாரு. எங்கப்பாரு உள்ள போயி இருட்டுல உக்காந்துக்கிட்டாரு. சாகற வரைக்கும் அந்தப் பேச்சே எடுக்கல."

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த இருட்டறை என்னை விடவில்லை. புஸ்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தேன். புரட்டப் புரட்ட ஒரு விஷயம் விளங்கிற்று. அந்த ஏழைக் குடியானவர் ஒரே இரவில் செய்த காரியத்தை, உலகத்துப் பெரிய வியாபாரிகளும் பெரிய ராஜ்யங்களும் இருநூறு முந்நூறு வருஷமாகச் செய்துவந்திருக்கின்றன.

வெக்கை ஐரோப்பாவைச் சும்மா விட்டுவைக்கவில்லை. பிரான்சில் லியான் நகரத்தில் 1761-ல் உலகத்தின் முதல் கால்நடை வைத்தியப் பள்ளிக்கூடம் ஏற்பட்டதற்கே இந்த நோய்தான் முக்கியக் காரணம். 1865-ல் லண்டன் மாநகரின் மாட்டுச் சந்தையில் வெக்கை புகுந்தது. லட்சக்கணக்கான மாடுகள் மடிந்த பிறகு, மறு வருஷம் பார்லிமெண்டு கடுமையான சட்டம் கொண்டுவந்தது: நோய் கண்ட மாட்டைக் கொல், மற்றதை நகர விடாதே. அதே 1866-ல் நம் சென்னை ராஜதானியிலும் மாட்டு நோய்ச் சட்டம் ஒன்று பிறந்தது.

ஆனால் இங்கிலாந்தின் மருந்து இங்கே செல்லவில்லை. பசுவைக் கொல்லச் சொல்கிற சர்க்காருக்கு இந்த நாட்டில் எந்தக் குடியானவன் கொட்டில் கதவைத் திறப்பான்? இந்தியாவின் மாட்டுக் கொள்ளைநோய்களை ஆராய ஒரு கமிஷன் நியமிக்கப்பட்டு 1871-ல் அறிக்கை கொடுத்தது. 1889-ல் புனாவில் ஒரு ஆராய்ச்சிச்சாலை தொடங்கி, பிறகு இமயமலைச் சாரலில் முக்தேசுவரத்துக்குப் போயிற்று. சென்னை வேப்பேரியில் 1903-ல் கால்நடை வைத்தியக் கல்லூரி பிறந்தது. ராணிப்பேட்டையில் 1932-ல் சீரம் தயாரிக்கும் நிலையம் எழுந்தது. 1940-ல் வெக்கைக்கென்றே சென்னையில் தனிச் சட்டமும் வந்தது. சட்டம், கல்லூரி, ஊசிமருந்து எல்லாம் இருந்தும் அந்தத் தகப்பனார் சந்தைக்குத்தான் போனார். ஏன்? சட்டத்துக்கும் அவருடைய கொட்டிலுக்கும் நடுவே ஒரு பாலம் இல்லை. சொன்னால் என்ன கிடைக்கும் என்று அவருக்குத் தெரியாது. சொல்லாவிட்டால் கிடைப்பது தெரியும்: ஒரு மாட்டின் விலை.

இனி ஒரு கப்பலைப் பார்ப்போம். 1920-ல் இந்தியாவிலிருந்து பிரேசில் தேசத்துக்குத் திமில் மாடுகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். நம் நாட்டு மாடுகளுக்கு அங்கே அப்படி ஒரு கிராக்கி. பழைய சென்னை ராஜதானியின் நெல்லூர்ப் பெயரைத் தாங்கிய 'நெலோர்' இனம்தான் இன்றும் அந்த நாட்டு மாட்டு மந்தைகளில் பிரதானம். போகிற வழியில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் அந்த மாடுகளை இறக்கி நிறுத்தினார்கள். அவற்றோடு வெக்கையும் இறங்கிற்று. ஐரோப்பா கதிகலங்கிப் போயிற்று. சந்தைக்குப் போன அந்த வலத்து மாட்டின் கதைதான் இதுவும். மாட்டு வண்டிப் பாதைக்குப் பதிலாகச் சமுத்திரம்!

மறு வருஷமே பாரிஸில் தேசங்கள் கூடின. 1924 ஜனவரி 25-ந் தேதி 28 நாடுகள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, சர்வதேசக் கால்நடை நோய் அலுவலகத்தை ஏற்படுத்தின. ஐக்கிய நாடுகள் சபை பிறப்பதற்கு இருபது வருஷம் முன்பே பிறந்த ஸ்தாபனம் இது. இன்று உலக விலங்கு சுகாதார அமைப்பு என்று பெயர்.

அந்த ஒப்பந்தத்தில் என் மனத்தைக் கவர்ந்தது ஒரு சிறு விதி. அதுவரை நோய் இல்லாதிருந்த ஒரு நாட்டில் வெக்கையோ கோமாரியோ முதன்முதலாகத் தலைகாட்டினால், அந்த அரசாங்கம் உடனே அலுவலகத்துக்குத் தந்தி அடிக்க வேண்டும். கடிதம் அல்ல, தந்தி! நம் வீடுகளில் சாவுக்கும் பிரசவத்துக்கும் மட்டுமே வந்த தந்தி, ஒரு மாட்டின் வாய்ப்புண்ணுக்காகப் பாரிஸுக்குப் போக வேண்டும். தன் வீட்டு நோயை மறைக்காமல் பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சொல்லுவேன் என்று ராஜ்யங்கள் வாக்குக் கொடுத்தன. உலகத் தரம், சர்வதேச விதி என்றெல்லாம் பின்னாளில் எழுந்த பெரிய கட்டடத்துக்கு இதுதான் அஸ்திவாரம்.

தந்தி அடிக்க வேண்டுமானால், செய்தி முதலில் கொட்டிலிலிருந்து தலைநகருக்கு ஏறி வர வேண்டும் அல்லவா? சுதந்திர இந்தியா 1954-ல் வெக்கை ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. கோடிக்கணக்கான ஊசிகள் போட்டார்கள். நோய் வெகுவாகக் குறைந்தது. ஆனால் மூலை முடுக்கில் பதுங்கியிருந்தது. இந்தியாவில் கடைசியாக அது தென்பட்டது, 1995-ல், நம் தமிழ்நாட்டில்தான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் விசித்திரம். நோய் போய்விட்டது என்று பாரிஸ் ஒப்புக்கொள்ள வேண்டுமானால், சும்மா சொன்னால் போதாது. முதலில் ஊசி போடுவதை நிறுத்த வேண்டும். ஊசியின் நிழலில் நோய் ஒளிந்திருக்கலாம் அல்லவா? பிறகு வருஷக்கணக்காக ஊர் ஊராகத் தேட வேண்டும். கால்நடைத் துறைக்காரர்கள் கிராமம் கிராமமாகப் போய், மாடுகள் நடந்து வரும் பாதைகளில் நின்று, "வாயில் புண்ணோடு ஏதாவது மாடு பார்த்தீர்களா?" என்று விசாரித்தார்கள். ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். இருப்பதைக் காட்டுவது சுலபம். இல்லாததை 'இல்லை' என்று நிரூபிப்பது எவ்வளவு சிரமம்! 2006-ல் இந்தியாவுக்கு அந்தச் சான்றிதழ் கிடைத்தது. 2011-ல் உலகத்திலேயே வெக்கை இல்லை என்று பிரகடனம் செய்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதன் பூமியிலிருந்து துடைத்தெறிந்த இரண்டாவது நோய் இதுதான்.

பரீட்சை அதோடு முடியவில்லை. இப்போது நோயை மட்டும் அல்ல, நோயைப் பார்க்கிற துறையையே பரீட்சை செய்கிறார்கள். 2006 முதல் இந்த ஏற்பாடு நடக்கிறது. ஒரு நாடு தானே விரும்பி அழைத்தால் நிபுணர்கள் வருவார்கள். ஆள் உண்டா, பணம் உண்டா, சோதனைச்சாலை உண்டா என்று பார்ப்பார்கள். மேலிடத்துக்கு உவப்பில்லாத உண்மையைக் கால்நடை டாக்டர் துணிந்து எழுத முடியுமா, குடியானவர்களிடம் கலந்து பேசுகிறார்களா என்றும் பார்ப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து படி. எந்தப் படியில் நிற்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சட்டத்தில் ஓட்டை இருந்தால் அடைக்கவும் உதவுவார்கள். ஒரகடத்துக் காரை வாங்குகிற வெளிநாட்டான் தொழிற்சாலையை வந்து பார்ப்பதில்லை. சர்ட்டிபிகேட்டை நம்பி வாங்குகிறான். பாலும் இறைச்சியும் அப்படித்தான். ஆனால் காருக்குக் கையெழுத்துப் போடுகிறவனுக்கு முன்னால் கார் நிற்கிறது. மாட்டுக்குக் கையெழுத்துப் போடுகிறவன், ஆயிரம் கொட்டில்களில் யாரோ உண்மை சொல்லியிருப்பார்கள் என்று நம்பித்தான் போட வேண்டியிருக்கிறது.

நம் அரசியல் சட்டத்தில் கால்நடை நோய்த் தடுப்பு மாநிலங்களின் பொறுப்பு. நோய்க்கு மாநில எல்லை தெரியாது என்பதால், ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குப் பரவாமல் தடுக்கும் அதிகாரம் பொதுப்பட்டியலில் இருக்கிறது. அதைக் கொண்டு 2009-ல் நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் வந்தது. மாட்டுக்கு அந்தச் சட்டத்தில் குறித்த தொற்றுநோய் என்று சந்தேகம் தோன்றினால், உடையவர் கிராம அதிகாரியிடமோ பஞ்சாயத்திடமோ தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. 1924-ல் ராஜ்யங்கள் கொடுத்த அதே வாக்கைக் குடியானவனிடமும் கேட்கிறார்கள்.

ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர், குரு ரகசியமாகச் சொன்ன மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி ஊருக்கெல்லாம் சொன்னார் என்பது வழிவழியாக வரும் செய்தி. சொன்னால் நரகம் என்றார்களாம். எல்லாரும் கடைத்தேற நான் ஒருவன் நரகம் போகிறேன் என்றாராம். மகான்களுக்கு அது முடியும். சட்டம் என்பது மகான் அல்லாதவர்களுக்காக ஏற்பட்டது. சொன்னவன் நரகம் போக வேண்டியதில்லை என்று அது உத்தரவாதம் தர வேண்டும். நோயைத் தடுக்க மாட்டை அழிக்க நேர்ந்தால் உடையவனுக்கு நஷ்டஈட்டுக்கு வழி வேண்டும் என்று உலகத் தரங்கள் சொல்வதன் தாத்பரியம் இதுதான்.

அன்று டயர் மாட்டி முடிந்ததும், புறப்படுமுன் பெரியவரிடம் கேட்டேன்: "இப்போது உங்கள் மாட்டுக்கு நோவு வந்தால் சொல்லுவீர்களா?"

"சொல்லுவேங்க. டாக்டரம்மா போன் நம்பரு குடுத்திருக்காங்க" என்றார் உடனே. பசுவின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே சிறிது யோசித்தார். "ஆனா நோவு மாடுன்னு தெரிஞ்சா பால் வாங்க மாட்டாங்களே சார். அந்தப் பத்து நாள் பாலுக்கு யாரு காசு குடுப்பாங்க?"

பாரிஸிலிருந்து எந்த நிபுணர் வந்தாலும், முதலில் இந்தக் கேள்விக்கு நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம் என்று பார்த்துவிட்டு மார்க்குப் போடட்டும். எனக்குப் பதில் தெரியவில்லை. டீக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினேன்.