பன்னிரண்டு முதலிமார் சரி பார்த்த சட்டம்

சட்டச் சீர்திருத்தம் எண்டதும் எங்களில பலருக்குக் கொழும்பும் நீதி அமைச்சும் தடிச்ச கோப்புகளும்தான் ஞாபகம் வரும். ஆனால் எங்கட பக்கத்தில் அந்த வேலையை ஒரு அரசாங்க உத்தியோகத்தர் 1707 இலேயே செய்து முடித்திருக்கிறார். அவர் எழுதினது இண்டைக்கும் மன்னாரில் ஒரு பெண் தன் காணியை விற்கப் போகும்போது குறுக்கே வந்து நிற்கிறது.

ஒல்லாந்தர் மன்னார்க் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தது 1658 இல். அதன்பிறகு மன்னார், யாழ்ப்பாணப்பட்டின நிர்வாகத்தோடு சேர்ந்தது. சீதன வழக்கு, ஒற்றி வழக்கு வந்தால் ஊர் வழமை என்ன எண்டு ஒல்லாந்த நீதிபதிக்குத் தெரிய வேணுமே. ஆளுநர் கொர்னேலிஸ் ஜோன் சைமன்ஸ் வழமைகளைத் தொகுக்கச் சொன்னார். யாழ்ப்பாணத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் அதை எழுதினார். இந்த மக்களுக்கிடையில் 37 வருசம் இருந்த அனுபவம் தனக்கு உண்டு எண்டு அவரே சொல்கிறார். பிறகு அது தமிழில் பெயர்க்கப்பட்டு, பன்னிரண்டு முதலிமாரிடம் சரி பார்க்கக் கொடுக்கப்பட்டது. அதுதான் தேசவழமை.

வாசித்துப் பார்த்தால் சுவாரசியமான நூல். முதுசம், சீதனம், தேடியதேட்டம் எண்டு சொத்தைப் பிரிப்பது, ஒற்றி, கடன், அயலவன் வளவுக்குள் சாயும் மரம் எல்லாம் வருகிறது. போர்த்துக்கேயர் காலத்தில் சீதன வழக்கம் மாறினதையும் ஐசாக்ஸ் ஒளிக்கவில்லை. ஆதி காலம் தொட்டு மாறாத வழமை எண்டு மேடைகளில் சொல்கிறார்களே, அந்த நூலே அப்படிச் சொல்லவில்லை!

ஆனால் சரி பார்த்தவர்கள் ஆர்? முதலிமார், ஆண்கள், அதிகாரத்தோடு ஒட்டி நின்றவர்கள். அதே நூலில் அடிமைகளைப் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. கோவியர், பள்ளர், நளவர் அதில் உடைமைகளாக எழுதப்பட்டிருக்கிறார்கள். அவர்களிடம் வழமை என்ன எண்டு ஒருத்தரும் கேட்டதாகத் தெரியவில்லை. பேச்சில் இருக்கும்வரை வழமை பற்றி வாதாடலாம், வளைக்கலாம். எழுத்தில் ஏறினபிறகு எழுதுவித்தவன் சொன்னதுதான் வழமை.

பிரித்தானியர் 1806 ஆம் ஆண்டு 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியால் தேசவழமையைச் சட்டமாக ஏற்றார்கள். அதே ஆண்டு அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் முன்னின்று முஸ்லிம் வழமைகளும் தொகுக்கப்பட்டன. அது கொழும்புப் பக்கத்துத் தலைவர்கள் பார்த்துச் சொன்ன தொகுப்பு. 1852 இல் அது தீவு முழுவதற்கும் விரிக்கப்பட்டது. முஸ்லிம்களின் பழைய குடியிருப்புகளில் மாந்தையும் மன்னாரும் உண்டெண்டு ஜோன்ஸ்டனே எழுதியிருக்கிறார். அவ்வளவு பழைய ஊரின் முஸ்லிம்களுக்குக் கொழும்பில் தொகுத்தது வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கத் தமிழருக்கு யாழ்ப்பாணத்தில் தொகுத்தது. ஒரே தீவு, ஒரே கடற்கரை, சொத்துக்கு இரண்டு சட்டம்.

அடிமைமுறை 1844 இல் சட்டப்படி ஒழிந்தது, அந்தப் பகுதியும் செத்துப்போனது. ஆனால் பெண்களின் சொத்து அவ்வளவு லேசாக விடுபடவில்லை. 1911 இல் வந்த யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் சொந்தக் காணியையோ வீட்டையோ விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேணும். 1923 இல் திருமணமான பெண்களின் சொத்துச் சட்டம் வந்து நாட்டின் மற்றப் பெண்களில் பலரை இந்தக் கட்டிலிருந்து விடுவித்தது. தேசவழமைக்கு உட்பட்ட தமிழ்ப் பெண்களை விலக்கிவிட்டுத்தான் விடுவித்தது.

கணவன் பக்கத்தில் இருக்கும்வரை இது ஒரு கையெழுத்துச் சிக்கல்தான். யுத்தத்துக்குப் பிறகு? ஆயிரக்கணக்கான வீடுகளில் கணவன் எங்கே எண்டே தெரியாது. உயிரோடு இருக்கிறாரோ எண்ட நம்பிக்கையில் மரணச் சான்றிதழ் எடுக்க மனம் வராது. எடுக்காவிட்டால் சட்டத்தின் கண்ணில் அவர் இருக்கிறார், சம்மதம் தரவேண்டியவராகவே இருக்கிறார். மாவட்ட நீதிமன்றத்தில் சம்மதம் கேட்கலாம் எண்டு 1911 சட்டத்திலேயே வழி உண்டு. அதுக்கு வழக்கறிஞர் காசு, பஸ் காசு, இழந்துபோகும் நாட்கூலி எல்லாம் ஆர் தருவது? 2016 இல், ஆள் இறந்தார் எண்டு சொல்லாமலே ஆள் இல்லை எண்டதுக்குச் சான்று பெறும் ஏற்பாடு 16 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. நல்ல விசயம்தான். 1911 இன் அந்தப் பிரிவைத் தூக்கியிருந்தால் காணி விசயத்தில் அந்தளவு அலைச்சல் வந்திராது எண்டுதான் நாங்கள் நினைக்கிறோம்.

முஸ்லிம் பக்கத்துக் கதையும் இதுக்குக் குறைந்ததில்லை. 1951 இன் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் காதி நீதிபதி ஆணாக இருக்கவேணும். பதிவேட்டில் மணப்பெண்ணின் கையெழுத்துத் தேவையில்லை, வலீ போட்டால் போதும். அதைத் திருத்த 2009 இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். அறிக்கை கையளிக்கப்பட்டது 2018 இல். ஒன்பது வருசம் இருந்து கதைத்தும் குழு இரண்டாகப் பிரிந்து இரண்டு விதமான பரிந்துரைகளைக் கொடுத்தது. கேலி செய்கிறவர்கள் உண்டு. எங்களுக்கு அந்தப் பிரிவு பெரிய குறையாகத் தெரியவில்லை. அந்தக் குழுவில் பெண்களும் இருந்தார்கள். 1707 இல் பன்னிரண்டு முதலிமார் ஒரே குரலில் சரி எண்டு சொல்லிவிட்டார்கள்.