வாய்க்குப் பிறந்தது, வண்டிக்கு வாய்த்தது

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், பிரெஞ்சு வேதியியலர் மார்செலின் பெர்தெலோ கிளிசரினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சோப்புக் காய்ச்சும்போது மிஞ்சும் அந்தத் தித்திப்பான திரவத்தை ஹைட்ரஜன் குளோரைடு வாயுவோடு வினைபுரிய வைத்த ஆராய்ச்சியில், நெடியடிக்கும் புதுத் திரவம் ஒன்று அவர் கைக்கு வந்தது. அதுதான் எபிகுளோரோஹைட்ரின். 1891இல் ரஷ்யாவில் அலெக்சாண்டர் டியானின், பீனாலையும் அசிட்டோனையும் சேர்த்து ஒரு வெள்ளைப் பொருளை உண்டாக்கினார். பிற்பாடு அது பிஸ்பீனால் ஏ என்று பெயர் பெற்றது. ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கு வெளியே இரண்டுக்கும் பெரிதாக வேலை இல்லை. அந்த இரண்டையும் ஒரே பாத்திரத்தில் சேர்த்து வைக்க, கடைசியில் ஒரு பொக்கை வாய் தேவைப்பட்டது.

அதற்கு முன்பே ஒருவர் வெற்றியின் வாசற்படியில் வந்து நின்றார். ஜெர்மனியின் ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனத்தில் இருந்த பால் ஷ்லாக், எபாக்சைடுகளை அமீன்களோடு வினைபுரிய வைக்கும் முறைக்கு 1934இல் காப்புரிமை கோரினார். எபாக்சைடு என்பது இரண்டு கார்பனும் ஓர் ஆக்சிஜனும் நெருக்கிப் பிடித்த முக்கோண வளையம். வளைத்துக் கட்டிய மூங்கில் போல எப்போதும் விறைப்பாகவே இருக்கும். அமீன் அருகில் வந்ததும் கட்டு அறுந்து, பக்கத்து மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும். ஆனால் ஷ்லாக்கின் நாட்டமெல்லாம் துணியிலும் இழையிலும் இருந்தது. 1938இல் நைலானுக்குப் போட்டியாக பெர்லான் இழையைக் கண்டுபிடித்துப் புகழ் பெற்றார். கையில் இருந்த இன்னொரு புதையலை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சுவிட்சர்லாந்தில் இருந்த பியர் கஸ்தான் பார்த்தார். சூரிச் நகரில், பல் மருத்துவப் பொருட்கள் தயாரித்த டி ட்ரே சகோதரர்கள் நிறுவனத்தில் அவர் வேதியியலர். பல்செட்டுக்கு அப்போது வல்கனைட் என்ற கெட்டி ரப்பர்தான் கதி. நிறமோ மங்கல், ஈறோடு ஒட்டவே ஒட்டாது. பேக்லைட் வகைப் பிசின்களும் முயன்று பார்க்கப்பட்டன. அவை இறுகும்போது நீரை வெளியேற்றும். பல்செட் இம்மி சுருங்கினாலும் வாயில் பொருந்தாதே! இறுகும்போது எதையும் வெளியே விடாத, சுருங்காத பிசின் ஒன்று கஸ்தானுக்கு வேண்டியிருந்தது. பெர்தெலோவின் திரவத்தையும் டியானினின் பொருளையும் சேர்த்தார். அம்பர் நிறத்தில் ஒரு பிசின் வந்தது. தாலிக் அன்ஹைட்ரைடு கலந்து சூடாக்கியதும் கல்லாக இறுகியது. சுருக்கம் மிகக் குறைவு. 1938இல் காப்புரிமைக்கு விண்ணப்பமும் போயிற்று. பல் மருத்துவ உலகம் காலில் விழும் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள்.

விழவில்லை. அதே ஆண்டுகளில் அக்ரிலிக் சந்தைக்கு வந்துவிட்டது. ஈறு போலவே இளஞ்சிவப்பு நிறம், வார்ப்பதும் சுலபம். பல்செட் வியாபாரத்தை அது அள்ளிக்கொண்டு போக, கஸ்தானின் பிசின் கடை ஏறாமலே தோற்றது. உரிமம் பாசெல் நகரின் சீபா நிறுவனத்துக்குக் கைமாறியது. சாயத்துக்கும் மருந்துக்கும் பேர்போன சீபாவுக்குப் பல்லில் அக்கறை இல்லை. அங்கிருந்தவர்களின் கண், அந்தப் பிசின் எதைத் தொட்டாலும் விடாமல் பற்றிக்கொள்வதில் இருந்தது. 1946இல் பாசெல் தொழிற்கண்காட்சியில் அது உலோகங்களை ஒட்டும் பசையாக மேடை ஏறியது. நம் ஊர்ப் பெட்டிக்கடை வரை வந்து சேர்ந்த அரால்டைட் அந்த வம்சம்தான். ஆனாலும் பசையாகவே அதன் ஆயுள் கழிந்துவிடவில்லை. அதற்குள் அட்லாண்டிக்கின் மறுகரையில், அதே பிசின் வேறொருவர் கையில் தனியாகப் பிறந்திருந்தது.

அவர் சில்வன் கிரீன்லீ. அமெரிக்காவின் பழம்பெரும் பெயிண்ட் நிறுவனமான டெவோ அண்ட் ரெனால்ட்ஸில் வேலை பார்த்தவர். ஆளி விதை எண்ணெய் போன்றவற்றை நம்பியிருந்த பெயிண்டுக்கு, இன்னும் உறுதியான அடிப்படை ஒன்றைத் தேடிப் போனவரும் அதே இரண்டு பொருள்களிடம்தான் வந்து நின்றார். தடை ஒன்று குறுக்கே நின்றது: எபிகுளோரோஹைட்ரின் டன் கணக்கில் எங்கே கிடைக்கும்? ஷெல் நிறுவனம் பெட்ரோலியத்திலிருந்து செயற்கைக் கிளிசரின் தயாரிக்க முனைந்திருந்தது. அந்த வழியில் நடுவே வந்த பொருள் சாட்சாத் எபிகுளோரோஹைட்ரின்! பெர்தெலோ கிளிசரினில் தொடங்கி அங்கே போய்ச் சேர்ந்தார். ஷெல் அதைத் தாண்டிக் கிளிசரினுக்குப் போனது. எதிர்த்திசைப் பயணம் ஒரு தொழிலுக்கே மூலப்பொருள் தந்தது. 1940களின் இறுதியில் பெயிண்ட் உலகில் நுழைந்த அந்தப் பிசின், அடுத்ததாகப் பெயிண்ட்காரர்களின் பரம எதிரியோடு மோதியது.

கான்கிரீட்தான் அந்த எதிரி. சிமென்டில் காரம் மிகுதி. எண்ணெய் பெயிண்டை அதன்மேல் பூசி, அடியிலிருந்து ஈரமும் ஏறினால், காரம் எண்ணெயைச் சோப்பாக்கிவிடும். பெயிண்ட் பிசுபிசுத்து, பாளம் பாளமாகக் கழன்று வரும். எபாக்ஸி என்று பெயர் பெற்ற இந்தப் பிசினில், அதை இறுக வைக்கும் ஹார்டனராக அமீனைக் கலந்தால் உருவாகும் வலையைக் காரம் அசைக்கவில்லை. எண்ணெய், பெட்ரோல், உப்புநீர் எதுவும் உள்ளே இறங்கவில்லை. தொழிற்சாலைத் தரைகளும் விமானக் கூடங்களும் வரிசையாக அதன் வசமாயின. அந்த மிதப்பில் வீடுகளுக்குள் நுழைந்தபோதுதான் வசமாக ஒரு அடி விழுந்தது.

அமெரிக்க வீடுகளை ஒட்டிய கராஜ்களில், கார் கசியவிட்ட எண்ணெயும் குளிர்காலச் சாலையின் உப்பும் ஊறி, தரை தூள் தூளாக உதிர்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர்களே ஞாயிற்றுக்கிழமை ரோலரைப் பிடித்து எபாக்ஸி பூசினார்கள். கண்ணாடி போல மின்னிய தரையில் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பிறகு வண்டியை எடுத்தால், டயர் நின்ற இடத்தில் பூச்சு டயரோடு போயிருந்தது! நெடுஞ்சாலையில் ஓடிச் சூடான டயர் பூச்சை இளக்கி, ஆறிச் சுருங்கும்போது பிடித்து இழுத்தது. உலோகத்தையே ஒட்டிய பிசின் வெறும் தரையில் ஏன் தோற்றது?

விடை தரையின் மேற்பரப்பில் இருந்தது. கான்கிரீட் போட்டு மட்டம் தட்டும்போது சிமென்ட் பால் மேலே ஏறி, வலுவற்ற படலமாகக் காய்ந்திருக்கும். எபாக்ஸி அந்தப் படலத்தை இறுகப் பற்றியிருந்தது. படலம்தான் தரையை விட்டது. மண்ணிலிருந்து ஏறிய ஈரமும் அடியிலிருந்து தள்ளியது. ஆகவே வேலையின் வரிசை மாறியது. முதலில் பிளாஸ்டிக் தாளைத் தரையில் ஒட்டி வைத்து ஈரம் சோதிக்கப்பட்டது. அமிலமோ வைரக் கிரைண்டரோ கொண்டு தரை சொரசொரப்பாக்கப்பட்டது. கலவையைக் கலந்ததும் தரையில் ஊற்றிப் பரப்பினார்கள். வாளியில் விட்டுவைத்தால் தன் சூட்டிலேயே கொதித்துக் கல்லாகிவிடும். வண்ணச் சில்லுகளைத் தூவி, வெயிலில் மஞ்சளாகாதபடி மேலே வேறு பூச்சு கொடுத்தார்கள்.

இன்று அமெரிக்கக் கடைகளில் கராஜ் தரைக்கான எபாக்ஸி பெட்டி பெட்டியாக விற்கிறது. உள்ளே கஸ்தானின் பிசின் வம்சம் ஒரு பங்கு, ஷ்லாக் தொட்டுவிட்டுப் போன அமீன் வம்சம் ஒரு பங்கு. பூசுவதைவிடத் தேய்த்துக் காயவைப்பதற்குத்தான் அதிக நேரம் ஆகிறது. அந்த நேரத்தை மிச்சப்படுத்திய கராஜில்தான் பூச்சு இன்றும் டயரோடு உரிந்து வருகிறது.