முத்தும் கட்டியும்

"கேன்சர் ஒட்டிக்குமா?" மாரில் கட்டியோடு இருந்த அக்கா ஒருத்தர் குழந்தைக்குப் பால் கொடுக்கவே பயந்து கேட்ட கேள்வி இது. இதுக்குப் பின்னால ஒரு நீளமான வரலாறு இருக்குங்க.

1936-ல் அமெரிக்காவில் ஜான் பிட்னர் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். மார்பகப் புற்றுநோய் அதிகம் வரும் எலி இனத்தின் குட்டிகளை, நோய் குறைவான இனத்துத் தாயிடம் பால் குடிக்க விட்டார். குட்டிகளுக்கு நோய் குறைந்தது. ஆக, தாய்ப்பாலில் ஏதோ இருக்கு! அந்த 'ஏதோ' ஒரு வைரஸ்னு பின்னாடி தெரிஞ்சுது. பம்பாயில் கமல் ரணதிவேயும் மார்பகப் புற்றுநோய்க்கும் பரம்பரை, ஹார்மோன், வைரஸ் இவற்றுக்கும் உள்ள தொடர்பை எலிகளில் ஆராய்ந்தார்.

சரி, அந்த வைரஸ் என்னதான் பண்ணுது? அதுக்கு எங்க ஊர் முத்துக்கு வரணும். 1973-ல் தூத்துக்குடியில் கே. அழகர்சாமியும் குழுவினரும் உருண்டையான வளர்ப்பு முத்தை விளைவிச்சாங்க. சிப்பிக்குள்ள ஒரு மணியை வைச்சா மட்டும் போதாது. கூடவே இன்னொரு சிப்பியோட சதைத் துணுக்கும் வேணும். மணி சும்மா கிடக்கும், அதைச் சுத்தி முத்தைக் கட்டுறது சிப்பிச் சதைதான்.

எலி வைரஸும் அப்படித்தான். புற்றுநோய் மரபணு எதையும் அது சுமந்து வரலை. எலியோட குரோமோசோமில் போய் உட்கார்ந்து, பக்கத்தில் தூங்கிக்கிட்டிருந்த எலியின் சொந்த மரபணுவைத் தட்டி எழுப்பிடுது. 1982-ல் ரோயல் நுஸ்ஸேயும் ஹெரால்ட் வார்மஸும் அந்த மரபணுவைக் கண்டுபிடிச்சாங்க. இண்ட்-1னு பேர் வைச்சாங்க, இப்போ வின்ட்-1. கருவில் மூளை உருவாகத் தேவைப்படும் மரபணு அது. மார்பில் அதுக்கு வேலையே கிடையாது. (அதே 1982-ல்தான் ரணதிவேக்கு பத்மபூஷண் கிடைத்தது.)

மனிதர்களுக்கு? 1971-ல் பம்பாய் பார்சிப் பெண்களின் பாலில் இதே மாதிரி துகள்கள் தெரியுதுன்னு நேச்சர் இதழில் வந்தது. ஆனா மனிதர்களின் மார்பகப் புற்றுநோய்க்கு அப்படி ஒரு வைரஸ்தான் காரணம்னு இதுவரை நிரூபணம் ஆகலை. வைரஸ் இல்லாமலே நம்ம மரபணு எல்லை மீறும். ஹெர்-2 மரபணு அப்படி மீறும் புற்றுநோய்க்கு 1998-லேயே டிராஸ்டுசுமாப் மருந்து வந்தாச்சு.

அதனால, கேன்சர் பாலில் ஒட்டாது. பால் கொடுத்த தாய்க்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறையவே செய்யுது. எலியின் கதையைக் கேட்டுப் பயந்து கட்டியை மட்டும் மறைச்சிடாதீங்க. கட்டி தெரிஞ்ச அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க.