1930 மாசியில் ஒரு கல்யாணம்

என் ஆயாவுக்கு நாவலூரில் தாலி கட்டியது 1930 மாசியில். வயது ஒன்பது. கயிறு வயிறு வரைக்கும் தொங்கியதாம். அவள் அம்மா நடுவில் ஒரு முடிச்சுப் போட்டுக் குறுக்கியிருக்கிறாள். "வெள்ளக்காரன் சட்டம் போடறான், பங்குனி போனா ஜெயிலுன்னு சொன்னாங்க. அதான் அவசர அவசரமா முடிச்சாங்க" என்பாள். சட்டமன்றச் செயலகத்தில் குழுப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான், அந்தச் சட்டம் யார் யார் கை வழியாக வந்தது என்று தேடிப் படித்தேன்.

அதைக் கொண்டுவந்தவர் வெள்ளைக்காரர் இல்லை. அஜ்மீரின் ஹர்பிலாஸ் சாரதா 1927இல் மத்திய சட்டசபையில் வைத்த தனிநபர் மசோதா அது. இந்துக்களுக்கு மட்டும், பெண்ணுக்கு 12, பையனுக்கு 15, அதற்குக் குறைந்தால் கல்யாணமே செல்லாது. மசோதா தெரிவுக் குழுவுக்குப் போனது. 1928இல் வெளியே வந்தபோது எல்லா மதத்தாருக்கும் பொதுவாகியிருந்தது. வயது 14, 18 என்று ஏறியிருந்தது. கல்யாணம் செல்லும், நடத்தி வைத்தவர்களுக்குத் தண்டனை என்று அடிப்படையே மாறியிருந்தது. சபையில் பேசுவது பத்திரிகையில் வரும். ஒரு சட்டம் உருவம் பெறுவது குழு அறையில். அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைத்தான் என் வேலைக்காலம் முழுக்கக் கவனித்தேன்.

எதிர்ப்பு பலமாக இருந்தது. நாவலூரும் அடங்கிய அன்றைய தென்னார்க்காடு–செங்கல்பட்டுத் தொகுதியின் உறுப்பினர் எம்.கே. ஆச்சாரியாரே சபையில் முன்னின்று எதிர்த்தவர். சொத்து உள்ளவர்களுக்கு மட்டுமே ஓட்டு இருந்த காலம். அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்கு உழுத என் கொள்ளுத்தாத்தாவுக்கு ஓட்டு கிடையாது. நாவலூர் சார்பில் டெல்லியில் பேசியவரை நாவலூர்க்காரர்களில் எத்தனை பேர் தேர்ந்தெடுத்தார்கள்? இதே சென்னை மாகாணத்துச் சட்டசபையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1928இல் பெண்ணுக்கு 16, ஆணுக்கு 21 வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

மசோதா சபையில் நிற்கும்போதே, விசாரித்துச் சொல்லுங்கள் என்று 1928 ஜூனில் அரசு ஒரு குழு போட்டது. தலைவர் மோரோபந்த் ஜோஷி. சென்னையிலிருந்து ஏ. ராமசாமி முதலியார் இருந்தார். பெண்கள் இருவர்: ராமேஸ்வரி நேரு, திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியின் டாக்டர் பீடன். கேள்வித்தாள் அச்சடித்து அனுப்பினார்கள், ஊர் ஊராகப் போய்ச் சாட்சியம் எடுத்தார்கள். பிரசவ வார்டை அறிந்த ஒரு பெண் அந்த மேசையில் இருந்தது சாதாரண விஷயமில்லை. உடலுறவுக்குப் பெண்ணின் சம்மத வயது பற்றி 1891இலும் 1925இலும் போட்ட சட்டங்கள் இருப்பதே ஜனங்களுக்குத் தெரியவில்லை என்று 1929 அறிக்கை ஒளிக்காமல் எழுதியது. பெண்ணுக்குக் கல்யாண வயது 14 என்றும் பரிந்துரைத்தது.

செப்டம்பரில் மசோதா நிறைவேறியது. அக்டோபர் 1இல் வைஸ்ராய் ஒப்புதல். அமலுக்கு வரும் நாள் 1930 ஏப்ரல் 1.

அந்த ஆறு மாதம்தான் என் ஆயாவைப் பிடித்தது. நாடு முழுக்க அப்போது குழந்தைகளுக்கு அவசரக் கல்யாணம் நடந்தது. நாவலூர் அன்று ஏரியும் நெல்வயலுமாக இருந்த சிற்றூர். கேளம்பாக்கம் உப்பளத்துக்குப் போய் வந்த ஆட்கள் சொன்ன சேதியாம். எந்தச் சட்டமும் எட்டாத ஊருக்கு இந்தச் சட்டத்தின் பயம் மட்டும் முன்கூட்டியே வந்து சேர்ந்தது. சட்டமோ, யாராவது போய்ப் புகார் கொடுத்தால்தான் அசையும். கொடுப்பவர் நூறு ரூபாய் வரை ஜாமீன் கட்ட வேண்டியிருக்கும். எந்தக் கூலிக்காரன் கட்டுவான்? தண்டனை அதிகபட்சம் ஒரு மாதச் சிறை, ஆயிரம் ரூபாய் அபராதம். பயப்படத் தேவையே இருக்கவில்லை என்று ஆயாவிடம் சொன்னபோது அவள் வெகுநேரம் பேசவில்லை.

1978இல் வயது 18, 21 ஆனது. 2021 டிசம்பர் 21 அன்று பெண்ணுக்கும் 21 ஆக்கும் மசோதா மக்களவைக்கு வந்து, நிலைக்குழுவுக்குப் போனது. 31 பேர் கொண்ட அந்தக் குழுவில் அப்போது இருந்த பெண் ஒரே ஒருவர், சுஷ்மிதா தேவ். 21 சரியா என்பதில் எனக்கே தயக்கம் உண்டு. ஆனால் 1928இல் இருவர் உட்கார்ந்த இடத்தில் இத்தனை வருஷம் கழித்து ஒருவர் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 2024 ஜூனில் மக்களவை கலைந்ததோடு மசோதாவும் காலாவதியானது.

ஆயா இருந்தபோது ஒருநாள் கேட்டேன்: "கட்டிக்கச் சம்மதமான்னு உன்ன யாராச்சும் கேட்டாங்களா ஆயா?"

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். "என்னையா? எங்கிட்ட எதுக்குடி கேக்கணும்?"